தலைக்கவசம் வேண்டும், அபராதம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைக்கிள் ஓட்டுகிற அனைவரும் தலைக்கவசம் அணிவதைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்க வேண்டும் என்றும், அணியாதவர்களுக்கு மோட்டார்சைக்கிளோட்டிகளுக்கு விதிப்பது போலவே அபராதம் விதிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தி, மருத்துவர் ஒருவர் தங்கள் வாசகர் பக்கத்தில் எழுதியிருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தலையில் அடிபட்டு வருகிறவர்களை நாள்தோறும் பார்க்கிற ஒருவரின் வேதனை அதில் இருந்தது. அவருடைய அக்கறையை மனதார மதிக்கிறேன். ஆனால், அவர் எழுதிக் கொடுத்த மருந்து இந்த நோய்க்குப் பொருந்தாது என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணங்களை வாசகர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

பட்டர்வொர்த், பாகான் டாலாமில் என் தந்தையார் தொடங்கிய சைக்கிள் கடையை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருகிறேன். டியூப் ஒட்டுவதில் தொடங்கி, சக்கரக் கம்பி கோத்து ஓட்டம் சரிபார்ப்பது வரை எல்லா வேலையும் என் கையால் செய்கிறேன். தலைக்கவசமும் விற்கிறேன். சட்டம் வந்தால் முதலில் இலாபம் பார்க்கப் போகிறவர்களில் நானும் ஒருவன் என்பதை வாசகர்கள் தெரிந்துகொண்டு மேலே படிப்பதே முறை.

கடையின் பின்சுவரில் இரண்டு பொருள்களை மாட்டி வைத்திருக்கிறேன். ஒன்று, என் பேத்தியின் தலைக்கவசம். எட்டு வயதில், வீட்டுக்கு எதிரே உள்ள திடலைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தவளின் முன்சக்கரம் கால்வாய்க் கம்பிமூடியின் இடுக்கில் மாட்டிக்கொள்ள, அவள் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கியெறியப்பட்டு, நடைபாதையின் விளிம்பில் இடது பொட்டு மோதும்படி விழுந்தாள். கவசத்தின் உள்ளே இருக்கும் போலிஸ்டிரீன் நுரை ஓட்டில், விரல் நுனி நுழைகிற அளவுக்கு விரிசல். பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டுந்தான். அந்த விரிசல் அவள் மண்டையில் ஏற்பட்டிருக்கலாம் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

மற்றொன்று, ஒரு பின்சக்கரம். மாக் மண்டினில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை முடித்து, விடிவதற்கு முன் விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேப்பாளத் தொழிலாளி ஒருவரைப் பின்னாலிருந்து வந்த வேன் மோதியது. சைக்கிளை அவருடைய நண்பர்கள் என் கடைக்குத் தூக்கி வந்தார்கள். பின்சக்கரம் எட்டு என்ற எண்ணைப் போல் முறுக்கிக் கிடந்தது. அன்று அவர் தலையில் கவசம் இருந்தது, நான் விற்றதுதான். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்து, பிறகு ஊன்றுகோலுடன் ஊருக்குத் திரும்பினார். அவர் தம் குடும்பத்துக்காக எத்தனை ஆண்டுகள் உழைக்க எண்ணி இங்கே வந்தாரோ, அந்தக் கணக்கு அத்துடன் முடிந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த விவாதத்தில் யாரும் ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்பது என் எண்ணம். சட்டம் வேண்டும் என்பவர்கள் தலைக்கவசத்தை மட்டும் பார்க்கிறார்கள். சட்டம் வேண்டாம் என்பவர்களில் சிலர் சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு, கவசத்தால் பயனே இல்லை என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

கவசத்தால் பயன் உண்டு; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டல் நகரில் செய்யப்பட்ட ஆய்வு, தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பைக் கவசம் 85 விழுக்காடு குறைப்பதாகக் கூறியது. அந்த எண் மிகையானது என்று பின்னர் பலர் எடுத்துக்காட்டினார்கள். 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர், 64,000க்கும் மேற்பட்ட காயமடைந்த சைக்கிளோட்டிகளைப் பற்றிய நாற்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைக்காயம் ஏறத்தாழப் பாதியாகவும், கடுமையான தலைக்காயம் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகவும் இறங்குவது தெரிந்தது. 85ஐ விட்டுவிட்டு இந்தக் குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், ஒரு பெற்றோர் தம் பிள்ளைக்குக் கவசம் வாங்கிக் கொடுக்க இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்?

ஆனால் அது எவ்வாறு காக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கவசத்தின் வெளியே பளபளப்பாகத் தெரியும் ஓடு வெறும் மூடிதான். வேலை செய்வது உள்ளே இருக்கும் போலிஸ்டிரீன். தலை தரையில் மோதும் கணத்தில் அது நசுங்கிக் கொடுத்து, மூளைக்குச் செல்ல வேண்டிய அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழாது. ஆகவேதான் ஒரு விழுகைக்குப் பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிறேன். ஐரோப்பியத் தரமான இஎன் 1078இன்படி சோதிக்கும்போது, கவசம் தட்டையான இரும்பின் மீது வினாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்படி விழச் செய்கிறார்கள். சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது. சைக்கிளிலிருந்து ஒருவர் தானாகச் சாய்ந்து விழுந்தால் தலை தரையைத் தொடும் வேகமும் ஏறத்தாழ அதுவே. என் பேத்தி விழுந்தது அந்தக் கணக்குக்குள். கொள்கலன் முனையத்துக்குச் செல்லும் டிரெய்லர் லாரி மணிக்கு 80 கிலோமீட்டரில் வந்து இடித்தால், வேகம் நான்கு மடங்கு. மோதலின் ஆற்றல் பதினாறு மடங்கு. அதைத் தாங்குவதற்காக இந்தக் கவசம் செய்யப்படவில்லை; அப்படிச் செய்ததாக எந்த உற்பத்தியாளரும் சொல்லவுமில்லை.

கவசம் அணிந்த சைக்கிளோட்டியைக் கடக்கும் கார்கள் சற்று நெருங்கிக் கடக்கின்றன என்று 2007இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வு ஒன்றைக் கட்டாயச் சட்டத்தின் எதிர்ப்பாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். சராசரி வேறுபாடு பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் அந்த முடிவையே மறுத்திருக்கிறார்கள். இதை நம்பி எவரும் கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

மருத்துவர் தம் கடிதத்தில் முன்வைத்த வலுவான வாதம், நம் மலேசியாவின் மோட்டார்சைக்கிள் தலைக்கவசச் சட்டம். 1973இல் அது வந்த பிறகு மோட்டார்சைக்கிளோட்டிகளின் மரணங்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது உண்மை. அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஆனால், கவசம் கட்டாயம் என்பதற்காக மோட்டார்சைக்கிளைக் கைவிட்டவர் எத்தனை பேர்? பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறவர் வேறு எதில் போவார்? கவசத்தை மாட்டிக்கொண்டு அதே வண்டியில்தான் போனார். சைக்கிளின் நிலை வேறு. அதில் போகிறவர்களில் ஒரு பகுதியினர், சிறிது தொல்லை கூடினாலும் அதை விட்டுவிடக் கூடியவர்கள். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் அவர்களில் முதலாவது.

ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது. உலகிலேயே முதன்முதலாக விக்டோரியா மாநிலம் 1990 ஜூலை முதல் தேதி அன்று எல்லா வயதினருக்கும் சைக்கிள் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 1992க்குள் மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நியூசிலாந்து 1994 ஜனவரியில் சேர்ந்துகொண்டது. விக்டோரியாவில் நூற்றுக்கு 31 பேர் அணிந்திருந்த நிலை மாறி, ஓராண்டுக்குள் 75 பேர் அணிந்தார்கள். தலைக்காயத்தால் இறந்த அல்லது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சைக்கிளோட்டிகளுக்கான காப்புறுதிக் கோரிக்கைகள் முதலாண்டில் 48 விழுக்காடும் இரண்டாம் ஆண்டில் 70 விழுக்காடும் குறைந்தன. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. ஆனால் அதே காலத்தில் மெல்பர்ன் வீதிகளில் நின்று எண்ணியவர்கள், சைக்கிளில் வரும் பதின்ம வயதினர் வெகுவாகக் குறைந்துபோனதையும் கண்டார்கள். அதே ஆண்டுகளில்தான் அங்கே வேகக் கேமராக்களும், குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான கடுஞ்சோதனைகளும் தீவிரமடைந்தன. காயங்கள் குறைந்ததில் கவசத்தின் பங்கு எவ்வளவு, சாலையில் வேகம் குறைந்ததன் பங்கு எவ்வளவு, சைக்கிள் ஓட்டுகிறவர்களே குறைந்ததன் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஓட்டுகிறவர்கள் குறைவதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். உடலுழைப்பு குறைந்து, நீரிழிவும் உடற்பருமனும் வீட்டுக்கு வீடு பரவிவிட்ட நம் சமூகத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். சைக்கிள் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு சைக்கிளோட்டிக்கும் ஆபத்து குறைகிறது என்பதும் பல நாடுகளின் புள்ளிவிவரங்களைக் கொண்டு 2003இல் காட்டப்பட்ட ஒன்று. காரோட்டியின் கண் பழகுவதே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. காலை ஏழு மணிக்கு என் கடை வாசலைத் தொழிலாளர்களின் சைக்கிள்கள் வரிசையாகக் கடக்கும்போது கார்கள் வேகத்தைக் குறைக்கின்றன. பத்து மணிக்கு ஒரே ஒரு முதியவர் போகும்போது அப்படிக் குறைப்பதில்லை. இதை என் கண்ணால் தினமும் பார்க்கிறேன்.

இனி, அபராதம் யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டும். என்னை இதை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சைக்கிளில் பாலிக் பூலாவ் மலைச்சாலையை ஏறுகிறவர்கள் ஏற்கெனவே தலைக்கவசம் அணிந்திருக்கிறார்கள். சட்டம் அவர்களைத் தொடாது. என் கடைக்கு வருகிறவர்கள் வேறு. தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நேப்பாள, வங்காளதேச, மியன்மார்த் தொழிலாளர்கள், ஒரு சைக்கிளை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். பகல் வேலைக்குப் போனவர் திரும்பி வந்ததும் இரவு வேலைக்காரர் அதில் ஏறிப் புறப்படுகிறார். அவர்கள் வாங்குவது என்னிடமுள்ள பழைய சைக்கிள். விலை நூற்றைம்பது வெள்ளி. நம்பத்தக்க ஒரு தலைக்கவசம் எண்பது, தொண்ணூறு வெள்ளி. ஒரே கவசத்தை மூன்று தலைக்குப் பொருத்தவும் முடியாது. அடுத்து, வீடு வீடாகப் புல் வெட்டப் போகும் முதியவர்கள். கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுக்கும் ஓர் அம்மாள், கூடையை முன்னால் வைத்துச் சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டி வருவார். சந்தைக்குப் போகும் சீனப் பாட்டிமார். மோட்டார்சைக்கிள் வாங்க வசதியில்லாதவர்களும், லைசென்ஸ் எடுக்க முடியாதவர்களும், கண்பார்வை குறைந்து லைசென்சைத் திருப்பிக் கொடுத்தவர்களுமே நம் ஊரில் நாள்தோறும் சைக்கிள் மிதிக்கிறார்கள். சாலைத் தடுப்பில் நிறுத்தப்படப் போகிறவர்களும் இவர்கள்தாம். கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டகத்தில் இருக்க, கையில் ஒரு நகலை மட்டும் வைத்துக்கொண்டு திரியும் ஒரு தொழிலாளிக்கு, தலையில் கவசமில்லை என்பதற்காக நிறுத்தப்படுவது அபராதத்தோடு முடிகிற காரியமல்ல.

இது வீண் அச்சம் என்று நினைப்பவர்கள் சியாட்டலைப் பார்க்கட்டும். கவசம் தலைக்காயத்தை 85 விழுக்காடு குறைக்கும் என்ற ஆய்வு பிறந்த அதே நகரம். அங்கே விதிக்கப்பட்ட தலைக்கவச அபராதங்களில் ஏறத்தாழப் பாதி வீடற்றவர்கள் மீதும், சைக்கிள் ஓட்டுகிறவர்களில் அவர்களுக்குள்ள பங்கைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கறுப்பின மக்கள் மீதும் விழுந்தது தெரியவந்ததால், 2022 பிப்ரவரியில் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். நீக்கியவர்கள் கவசத்தை வெறுத்தவர்கள் அல்லர். கவசம் அணியுங்கள் என்றும், இலவசமாகத் தருகிறோம் என்றும் சொல்லிக்கொண்டேதான் நீக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 71 டாலராக இருந்த அபராதம் 2016 மார்ச்சில் ஒரே தாவலில் 319 டாலராக உயர்த்தப்பட்டது. அபராதம் ஒருமுறை வந்துவிட்டால் அது எந்தத் திசையில் நகரும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சட்டம் வந்தால்தான் பழக்கம் வரும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. மோட்டார்சைக்கிளுக்குச் சட்டம் வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் குடியிருப்புத் தாமானுக்குள் கடைக்குப் போகும்போது எத்தனை பேர் கவசம் அணிகிறோம்? தகப்பன் தலையில் கவசமும், முன்னால் நிற்கும் மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் காற்றுமாகப் போகும் வண்டியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாடியில் வாரைப் பூட்டாமல் பேருக்கு மாட்டிக்கொள்கிறவர்களுக்கும் குறைவில்லை. போலீஸ்காரரைக் கண்டு அணிகிற கவசம் போலீஸ்காரர் இருக்கும் தூரம்வரைதான் தலையில் நிற்கும். டென்மார்க்கில் இத்தகைய கட்டாயச் சட்டம் கிடையாது. பள்ளிகளிலும் பிரசாரங்களிலும் இடைவிடாமல் எடுத்துச் சொன்னதால், 2004இல் நூற்றுக்கு ஆறு பேர்போல அணிந்திருந்த நகரச் சைக்கிளோட்டிகள் இன்று ஏறக்குறையப் பாதிப்பேர் அணிகிறார்கள். ஜப்பான் 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எல்லா வயதினரும் கவசம் அணிய முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி, அபராதத்தை மட்டும் சேர்க்காமல் விட்டிருக்கிறது. நமக்குப் பக்கத்திலிருக்கும் சிங்கப்பூர் 2019இல் கட்டாயமாக்கியது. ஆனால் வாகனச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும். பூங்கா இணைப்புப் பாதைகளில் கட்டாயமில்லை. அங்கே சாலையைத் தவிர்த்து ஓட்ட வேறு பாதை இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டர்வொர்த்திலிருந்து பிறைக்கு வேலைக்குப் போகிறவருக்கு அப்படி ஒரு பாதையைக் காட்டிவிட்டு, பிறகு சிங்கப்பூரை உதாரணம் சொல்லட்டும்.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேகமாகப் பாய்வதற்காக மாற்றியமைத்த சைக்கிளுக்கு வழங்கும் 'பாசிக்கால் லாஜாக்' என்னும் பெயர் தெரியாத பெற்றோர் இப்போது இருக்க மாட்டார்கள். 2017 பிப்ரவரி 18ஆம் தேதி, பொழுது விடிவதற்கு முன்பு, ஜொகூர் பாருவில் அத்தகைய சைக்கிள்களில் இருந்த எட்டுப் பதின்ம வயதுப் பிள்ளைகள் கார் மோதி இறந்தார்கள். அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் நடந்தபோது, யார் குற்றவாளி என்பதைப் பற்றியே ஊர் முழுவதும் பேசியது. அந்தச் சைக்கிளில் என்ன இல்லை என்பதை என்னைப் போன்ற கடைக்காரர்கள் அறிவோம். பிரேக் இல்லை; விளக்கு இல்லை; பிரதிபலிப்பான் இல்லை. கைப்பிடியைத் தாழ்த்தி, இருக்கையில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு, கால்களைப் பின்னால் நீட்டி இறக்கத்தில் விடுவார்கள். என் கடைக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். "அங்கிள், பிரேக் கம்பியைக் கழற்றி விடுங்கள், கைப்பிடியை வெட்டிக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். நான் செய்து கொடுப்பதில்லை. ஆனால் வேறோர் இடத்தில் செய்துகொள்கிறார்கள் என்பதும் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் மட்டும் போட்டுவிட்டால் அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்று எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். பிரேக் இல்லாத சைக்கிளைக் கடைக்காரர் பழுதுபார்த்துக் கொடுக்கக் கூடாது, அப்படிச் செய்கிற கடைக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது என்று ஒரு விதி கொண்டுவந்தால், அதற்கு முதல் ஆதரவு என்னுடையதாக இருக்கும். அபராதத்தை எங்கள் மீது போடுங்கள். தாங்கிக்கொள்ள முடிந்தவர்கள் நாங்கள்.

சாலைக்கு வருகிறேன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்கென்று தனித்தடம் அமைத்த முன்னோடி நாடு நம்முடையது. அந்தத் தடத்தின் விளைவை ஆராய்ந்த நம் நாட்டு அறிஞர்கள், அங்கே மோட்டார்சைக்கிள் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். இருசக்கர வாகனத்தை நான்கு சக்கர வாகனத்திலிருந்து பிரித்து வைப்பது எவ்வளவு பெரிய பலனைத் தரும் என்பதற்கு நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நெதர்லாந்துக்காரர்கள் எழுபதுகளில் பிள்ளைகளின் சாவுக்கு எதிராகத் தெருவில் இறங்கிப் போராடிப் பெற்ற தனிப்பாதைகளின் பாடம் நம் நாட்டிலேயே வேறொரு வடிவில் இருக்கிறது. ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் சாலையில் சாகிற நாடு இது. 2019இல் மட்டும் 6,167 பேர். அப்படி இருக்க, 2018இல் கோலாலம்பூரில் நீலச் சாயம் பூசிய சைக்கிள் தடத்தில் கார்கள் நின்றதையும் மோட்டார்சைக்கிள்கள் புகுந்து ஓடியதையும் பார்த்தோம். சாயம் தடுப்பாகாது. பினாங்குத் தீவில் கடலோரமாக அமைந்துள்ள சைக்கிள் பாதை மாலை நேரத்தில் காற்று வாங்க அருமையான இடம். நானும் ஃபெரியில் சைக்கிளோடு ஏறிப்போய் ஓட்டியிருக்கிறேன். ஆனால் அது வேலைக்குப் போகிறவர்களின் தேவைக்காகப் போடப்பட்ட பாதையன்று. தொழிற்பேட்டைகளுக்கும் தொழிலாளர் விடுதிகளுக்கும் இடையே, பள்ளிக்கூடங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் இடையே, அகலமில்லாவிட்டாலும் உயர்த்திய கட்டையால் பிரிக்கப்பட்ட பாதைதான் முதலில் வேண்டும்.

பாதை போட ஆண்டுகள் ஆகும் என்றால், நாளைக்கே செய்யக்கூடியதும் இருக்கிறது. சைக்கிளைக் கடக்கும் வாகனம் விட வேண்டிய இடைவெளியைச் சட்டமாக்கலாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து 2014இல், 60 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலைகள் வரை ஒரு மீட்டரும், அதற்கு மேற்பட்டவற்றில் ஒன்றரை மீட்டரும் விட வேண்டும் என்று விதித்தது. ஜெர்மனி 2020இல் நகருக்குள் ஒன்றரை மீட்டரும் வெளியே இரண்டு மீட்டரும் என்று விதித்தது. அந்த நேப்பாளத் தொழிலாளியின் பின்சக்கரத்தைக் காத்திருக்கக்கூடிய சட்டம் இந்த வகையைச் சேர்ந்தது. மருத்துவர் கேட்கும் சட்டத்தை அந்தத் தொழிலாளி ஏற்கெனவே தாமாகவே கடைப்பிடித்திருந்தார்.

தலைக்கவசத்தைப் பொறுத்தவரை நான் கேட்பது இவ்வளவே. தொடக்கப் பள்ளிகளில், தமிழ்ப்பள்ளிகள் உட்பட, சைக்கிளில் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான கவசம் ஒன்று இலவசமாகக் கிடைக்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் முன்வந்தால், எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கு அசல் விலைக்கே தர நான் தயார். இரட்டைச் சடை போட்ட பெண்பிள்ளைகளுக்குக் கவசம் சரியாக உட்காராமல் பின்னால் சரிந்துவிடும். சடையைத் தாழ்வாகப் பின்னினால் உட்காரும். முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். காதுக்குக் கீழே வார் இரண்டும் கூடும் இடம் சரியாக அமைய வேண்டும். நாடிக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல்தான் நுழைய வேண்டும். 'வளர்கிற பிள்ளைதானே' என்று பெரிய அளவாக வாங்கிக் கொடுக்கிற பழக்கம் சட்டை, காலணிக்குச் சரி. கவசத்துக்கு அது ஆபத்து. இவற்றைச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் போதும்; எந்தப் பள்ளி அழைத்தாலும் வந்து சொல்லிக் கொடுப்பேன். தொழிற்சாலைகள் தம் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புக் காலணி தருவதுபோல, சைக்கிளில் வருகிறவர்களுக்குத் தலைக்கவசமும் முன்பின் விளக்குகளும் தர வேண்டும் என்று விதிக்கலாம். அது முதலாளிகளுக்குப் பெரிய செலவாகாது. தொழிலாளிக்கோ அது நான்கு நாள் சாப்பாட்டுச் செலவு.

இவையெல்லாம் செய்யப்பட்ட பிறகும் சட்டம் தேவை என்று அரசாங்கம் எண்ணினால், பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும், அபராதம் இல்லாமல், கொண்டுவரட்டும். சுவீடன் 2005இல் கட்டாயத்தை அந்த வயதோடு நிறுத்திக்கொண்டது. பெரியவர்களைப் பொறுத்தவரை, விளக்கும் பிரேக்கும் இல்லாத சைக்கிளை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரி, கையில் அபராதச் சீட்டோடு வராமல் ஒரு பின்விளக்கோடு வரட்டும். பத்து வெள்ளி விளக்கு அது.

நேப்பாளத் தொழிலாளியின் விடுதியில் இருந்தவர்கள் இப்போதும் என் கடைக்கு வருகிறார்கள். போன வாரம் புதிதாக வந்த இளைஞர் ஒருவர், மாட்டியிருக்கும் சக்கரத்தைக் காட்டி அது யாருடையது என்று கேட்டார். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, தலைக்கவசம் ஒன்றும், பின்னால் மாட்டும் சிவப்பு விளக்கு இரண்டும் வாங்கினார். ஒரு விளக்கு தனக்கு. மற்றொன்று, அதே சைக்கிளில் இரவு வேலைக்குப் போகும் நண்பர் முதுகில் மாட்டிக்கொள்வதற்கு.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர் ஒருவர்,
பாகான் டாலாம், பட்டர்வொர்த், பினாங்கு